வேண்டாத சப்தங்கள்

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கியதும், பொழுது புலருமுன் மொட்டைமாடிக்கு வந்து நிற்கிறவர் எவருக்கும், எதிர்வீட்டு ஆன்டெனாக் கம்பியிலோ முருங்கைக் கிளையிலோ உட்கார்ந்துகொண்டு விதம் விதமாகச் சீட்டியடிக்கும் குண்டுகரிச்சானின் பாட்டு வெகு தெளிவாகக் கேட்கும். அவ்வேளையில் கீழே தண்ணீர் மோட்டார் இரைந்துகொண்டிருப்பதும், தெருமுனையில் பால் வண்டி நின்று கிளம்புவதும், தூரத்து நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் போவதும் அவர் காதில் விழுந்தும் விழாதவைதான். வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததை வாசலிலேயே நிறுத்திவிடும் இந்தக் காரியத்தை மனம் நம்மைக் கேளாமலே செய்து முடித்துவிடுகிறது. அதே மாடியில் ஒரு ரிக்கார்டரை வைத்து, அது பிடித்ததைப் பிறகு அறைக்குள் அமர்ந்து கேட்கும்போதுதான், மோட்டாரும் லாரியும் பிரதானமாக இருக்க, பறவை எங்கோ பின்னால் ஈனஸ்வரத்தில் முனகுவதை அறிந்து திகைக்க நேரும். இயற்கையின் சப்தங்களைத் திறந்த வெளியில் பதிவு செய்து, பின்னர் அவற்றைத் திருத்திச் செப்பனிடும் கலை முழுவதும் இந்தத் திகைப்புக்குப் பரிகாரம் தேடப் புறப்பட்டது என்றே சொல்லிவிடலாம். ஆனால் எதை விலக்குவது, எதை விலக்காமல் விடுவது என்பதில் அக்கலையின் வல்லுநர்கள் இன்னும் ஒருமித்த அபிப்பிராயத்துக்கு வந்தபாடில்லை.

இந்தக் கலையின் முதல் அத்தியாயத்தில் நம் காட்டுப் பறவை ஒன்று இடம்பெற்றிருப்பது பலருக்குத் தெரியாத விஷயம். குண்டுகரிச்சானுக்கு நெருங்கிய உறவாகிய சோலைப்பாடி, கறுத்த மேனியும் செம்பழுப்பு வயிறும் நீண்ட வாலும் உடையது. மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் மூங்கில் புதர்களுக்குள் மறைந்து வாழ்வது. இந்திய ஷாமா என்ற பெயரில் ஐரோப்பாவில் கூண்டுப் பறவையாகக் கியாதி பெற்றிருந்த இதன் பாட்டை, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில், லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன், தன் தந்தை வாங்கிக் கொடுத்த எடிசன் போனோகிராப்பின் மெழுகு உருளையில் 1889-ஆம் ஆண்டு பதிவு செய்தான். இன்று அறியப்பட்டவற்றுள் பறவைப் பாட்டின் மிகப் பழைய ஒலிப்பதிவு அதுவே. யூதராகிய கோக், ஹிட்லரின் ஆட்சி நிலைபெற்ற பின் 1936-இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்து, அதே ஆண்டில் நிக்கல்ஸன் என்ற பறவையியலாருடன் சேர்ந்து, கிராமபோன் தட்டுகளோடு கூடிய புத்தகமொன்றை வெளியிட்டார். தட்டில் நேராகச் செதுக்கும் கனத்த யந்திரத்தை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து நீண்ட கேபிள்களைப் புதருக்குள் இழுத்துச் சென்று, பறவை வழக்கமாக வந்து அமரும் கிளைக்கு அருகே மைக்கைக் கட்டிவிட்டு, அது வரும்வரை காத்துக் கிடப்பது அவருடைய தொழில்முறை. சட்டைப்பையில் அடங்கும் ரிக்கார்டர் வந்துவிட்ட இக்காலத்திலும் அந்தக் காத்திருப்பில் ஒரு நிமிஷத்தைக்கூட எவராலும் குறைக்க முடியவில்லை.

கோக் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே ஆங்கிலேயர்கள் பறவைப் பாட்டை வானொலியில் கேட்டுப் பழகியிருந்தார்கள். சர்ரே வட்டாரத்தில் ஆக்ஸ்டெட் என்ற ஊருக்கு அருகே வசித்த பியாட்ரிஸ் ஹாரிசன் என்ற பெண்மணி செல்லோ வாத்தியத்தில் நிபுணர். இரவில் அவர் தோட்டத்தில் அமர்ந்து வாசிக்கும்போதெல்லாம் நைட்டிங்கேல் பறவை கூடவே பாடுவதாகச் சொல்ல, பி.பி.சி. நிறுவனத்தார் 1924-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி தங்கள் சாதனங்களை அத்தோட்டத்துக்கே கொண்டுபோய் நேரடியாக ஒலிபரப்பினார்கள். அன்று பாடியது பறவைதானா, பறவைபோலச் சீட்டியடிக்கத் தெரிந்த யாரோ ஒருவரா என்ற சந்தேகத்தைச் சிலர் 2022-இல் கிளப்பினார்கள் என்பது வேறு கதை. நமக்கு இங்கே முக்கியமானது, சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, யுத்தத்தின் நடுவில், 1942-இல் அதே தேதியில் அதே தோட்டத்தில் நடந்த சம்பவம். பறவையின் பாட்டை ஒலிபரப்பத் தயாராக இருந்த வேளையில், ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தைத் தாக்கச் செல்லும் குண்டுவீச்சு விமானங்கள் அணி அணியாகத் தலைக்கு மேல் வரத் தொடங்கின. அந்த இரைச்சல் வானொலி வழியே எதிரிக்கு எட்டினால் தாக்குதலின் ரகசியம் வெளியாகிவிடும் என்பதை உணர்ந்த பொறியாளர் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார். ஆனால் பதிவை நிறுத்தவில்லை. விமானங்களின் உறுமல் மெல்ல மெல்லப் பெருகி வானத்தை நிரப்ப, அதைச் சற்றும் லட்சியம் செய்யாமல் பறவை பாடிக்கொண்டே இருக்கும் அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பறவையின் குரலை மட்டும் நாடுபவருக்கு அதைவிடத் துல்லியமான பதிவுகள் ஏராளமாக உண்டு. இருந்தும் இதைக் கேட்கிறவர் யாரும், இரைச்சலை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று சொல்லமாட்டார்.

இதனால், கிடைத்ததெல்லாம் போதும் என்று கவனமின்றிப் பதிவு செய்யலாம் என்று அர்த்தமாகாது. திறந்த வெளியில் முதல் சத்துரு காற்று. மைக்கினுள் இருக்கும் மெல்லிய சவ்வு மிகச் சன்னமான ஒலியலைக்கும் அதிரும்படி செய்யப்பட்டதாகையால், கன்னத்தில் பட்டால் சுகமாயிருக்கும் இளங்காற்றுகூட அதன்மேல் நேராக மோதும்போது, யாரோ தகரத்தை உதைப்பதுபோன்ற தடதடப்பாகப் பதிவாகிறது. கருவியோடு கொடுக்கும் பஞ்சுறை அறைக்குள் பேசும் பேச்சுக்குத்தான் போதும். வெளியே செல்கிறவர்கள் மைக்கை ஒரு கூட்டுக்குள் வைத்து, அதன்மேல் நீண்ட செயற்கை ரோமம் அடர்ந்த உறையைப் போர்த்துகிறார்கள். காற்றின் வேகம் ரோமங்களுக்கிடையே சிதறி ஓய்ந்துபோக, ஒலி மட்டும் தடையின்றி உள்ளே செல்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இந்த உறைக்குச் ‘செத்த பூனை’ என்று பெயரிட்டிருப்பதில் சற்றுக் குரூரம் இருந்தாலும், பொருளைக் கண்ணால் கண்டவர் அப்பெயரை ஆட்சேபிக்கமாட்டார்.

அடுத்தது தூரம். தடையற்ற வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. ஆகவே ஐம்பது அடியிலிருந்து இருபத்தைந்து அடிக்கு நெருங்குவது, விலை உயர்ந்த கருவிகள் பலவற்றைக் காட்டிலும் அதிகப் பலன் தரும். நெருங்க முடியாத இடங்களில் அகன்ற பரவளையக் கிண்ணமொன்றின் குவியத்தில் மைக்கைப் பொருத்தி, பறவையை நோக்கித் திருப்புவார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1930-களிலேயே கையாளத் தொடங்கிய உபாயம் இது. ஆனால் கிண்ணம் தன் அகலத்தைவிடச் சிறிய அலைகளைத்தான் செவ்வையாகக் குவிக்கும். இரண்டடிக் கிண்ணம் தேன்சிட்டின் கீச்சொலியை அருகில் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வோர் அலையும் ஏறக்குறைய மூன்றடி நீளமுள்ள செம்போத்தின் ஆழ்ந்த குரலுக்கு அதனால் அதிகப் பிரயோஜனமில்லை.

மலைச் சிற்றோடைக் கரையொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஓடைகளை ஒட்டி வாழும் சீகாரப் பூங்குருவி, வெளிச்சம் வருமுன்பே, வழிநடையில் தன்னை மறந்து சீட்டியடிக்கும் பையனைப்போல, ராகம் பிடிபட்டும் பிடிபடாமலும் பாடத் தொடங்கும். அந்நேரத்துக் காற்று அசைவற்றிருப்பதாலும், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதால் ஒலி மேலே சிதறாமல் தாழ வளைவதாலும், அதன் குரல் நெடுந்தூரம் செல்லும். சிரமம் ஓடையினால் வருவது. பாயும் தண்ணீரின் ஓசையில் தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை எல்லாம் கலந்திருப்பதால், பின்னால் எந்த யுக்தியாலும் அதைப் பிரித்தெடுக்க இயலாது. பிரிக்க வேண்டியதை அங்கேயே பிரித்தாக வேண்டும். அனுபவசாலிகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி மெல்ல நடந்து பார்ப்பார்கள். ஒரு பெரும்பாறைக்குப் பின்னே ஒதுங்கியதும் ஓடையின் ஓசை பாதியாக அடங்குவதை உணர்ந்து, மைக்கின் முதுகு ஓடைக்கும் முகம் பறவை பாடும் மரத்துக்குமாக முக்காலியில் நிறுத்திவிட்டு, தங்கள் மூச்சும் உடைச் சரசரப்பும் அதில் விழாதபடி தள்ளிப்போய் அமர்வார்கள். பறவையின் உரத்த சுரம் உச்ச அளவுக்கு ஒரு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி அளவை வைத்துக்கொள்வது வழக்கம். டிஜிட்டல் பதிவில் அளவு மீறி வெட்டுப்பட்ட ஒலியைச் செம்மையாக மீட்பது அநேகமாக அசாத்தியம். ஓடையின் ஓசையை அடியோடு ஒழிக்க முயலுவதும் அவிவேகமே. அந்தக் குருவி ஓடையை விட்டு அகன்று வாழ்வதில்லை.

வீடு திரும்பியபின் நடப்பது எடிட்டிங். முற்காலத்தில் காந்த நாடாவைச் சவரப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினார்கள். இப்போது கணினித் திரையில் ஒலியையே சித்திரமாகக் காணலாம். இடமிருந்து வலமாகக் காலம் ஓட, கீழிருந்து மேலாகச் சுருதி உயரும் அந்தச் சித்திரத்தில், லாரியின் உறுமல் அடியில் புகைப்படலமாகவும், சிள்வண்டின் ரீங்காரம் உயரே இடையறாத பட்டையாகவும், பறவையின் பாட்டு இவற்றுக்கிடையே வளைந்து நெளியும் மெல்லிய கோடுகளாகவும் தோன்றும். பறவை பாடாத உயரத்தில் இருப்பதைக் குறைத்தால் பறவை தெளிவடைகிறது என்பதால், ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வடிகட்டிவிடுவது சகஜமான பழக்கமாகிவிட்டது. இங்கேதான் நிதானம் வேண்டும். 1984-இல் கேட்டி பெயின் என்ற ஆராய்ச்சியாளர், போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றிலே இனம் தெரியாத ஒரு துடிப்பை உணர்ந்து, பதிவு செய்து ஆராய்ந்ததில், மனிதச் செவிக்கு அநேகமாக எட்டாத தாழ்ந்த சுருதியில், 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையில், யானைகள் பேசிக்கொள்வது புலப்பட்டது. வால்பாறையிலோ முதுமலையிலோ எடுத்த பதிவில் லாரியைத் துரத்துவதாக எண்ணி அடிச்சுருதியை வெட்டுகிறவர், அதனுடன் எதை வெட்டினோம் என்பதை அறியவே போவதில்லை. ஆகையால், திருத்துவதெல்லாம் பிரதியில்தான். மூலத்தில் கை வைப்பதில்லை என்பதைத் தொழிலின் முதல் நியமமாக வைத்திருக்கிறார்கள். செல்போனில் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பேச்சுக்கென அமைந்த செயலிகளில் சில, இடைவிடாத ஓசையை இரைச்சலென்று தாமே முடிவுகட்டி அடக்கிவிடும், சிள்வண்டு அத்துடன் ஒழிந்தது.

நீக்குவதிலே உள்ள அபாயம் இதுவென்றால், சேர்ப்பதிலே உள்ள அபாயம் இன்னும் விபரீதமானது. பழைய டார்ஜான் படங்களில் ஆப்பிரிக்கக் கானகத்தில் கேட்கும் ஆரவாரச் சிரிப்பு, ஆஸ்திரேலியாவில் வாழும் கூக்கபரா என்ற பறவையுடையது. அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்டலைக் கழுகின் மெல்லிய குரல் கம்பீரத்துக்குப் போதாதென்று, ஹாலிவுட்டில் அதன் வாயில் வேறொரு பருந்தின் கூச்சலைப் பொருத்திவிட்டார்கள். கலிபோர்னியாவில் சுலபமாகக் கிடைத்த ஒரு மரத்தவளையின் குரல், திரைப்படங்களின் வழியே உலகத்துத் தவளைகள் அனைத்துக்கும் பொதுக்குரலாகிவிட்டது. நம் சினிமாவிலும் எந்த ஊர் இரவாயிருந்தாலும் ஒரே ஆந்தைதான் அலறுகிறது. கதைக்கு அது போதுமாயிருக்கலாம். இரண்டு மணி நேர விடியலை ஐந்து நிமிஷமாகச் சுருக்குவதும், ஒட்டு தெரியாமல் ஒன்றில் ஒன்றைக் கரைய விடுவதும் நியாயமே. ஓரிடத்துப் பறவையை வேறிடத்துக் காட்டில் பாட விட்டு, இதுதான் அந்தக் காடு என்று சொல்லும்போது, அதைப் பொய் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு காட்டின் பதிவு அந்தக் காட்டுக்கு எவ்வளவு நம்பகமான சாட்சியாக நிற்கக்கூடும் என்பதைக் காட்டியவர் பெர்னி கிராஸ் என்ற அமெரிக்கர். சங்கீதத் துறையிலிருந்து 1960-களின் இறுதியில் காட்டுக்கு வந்தவர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் லிங்கன் மெடோ என்ற பசும்புல்வெளியைச் சுற்றிய காட்டில், மரங்களை மொத்தமாக அழிக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டப்போவதாகவும், அதனால் சூழலுக்கு யாதொரு பாதகமும் விளையாதென்றும் ஒரு மரக் கம்பெனி கூறியது. வெட்டுவதற்கு முன், 1988-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து விடியலில் அவர் அங்கே பதிவு செய்தார். ஓராண்டு கழித்து அதே நாளில், அதே வேளையில், அதே மாதிரியான வானிலையில் திரும்பவும் பதிவு செய்தார். இரு தடவையும் எடுத்த புகைப்படங்களை அருகருகே வைத்தால் பேதம் காண்பது கடினம். ஒலியிலோ, முதல் ஆண்டில் நெருக்கமாகப் பின்னிக் கிடந்த பறவைக் குரல்கள் இரண்டாம் ஆண்டில் பெரும்பாலும் மறைந்து, ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலுமே எஞ்சின. பிற்பாடு பல முறை சென்றபோதும் பழைய நிலை திரும்பியிருக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். முதல் பதிவில் ‘அழகான’ ஒரு பறவையை மட்டும் கிண்ணத்தில் குவித்துக்கொண்டு அவர் வந்திருந்தால், இந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்ட வழியே இருந்திராது.

நம் ஊரில் இதைத் தொடங்க விரும்புகிறவருக்குக் காப்புக் காடுகள் தேவையில்லை. அவற்றுள் நுழைய வனத்துறையின் அனுமதியும் வேண்டும். ஏரிக்கரையும் தோப்பும் முதல் மழை கண்ட வயல்வெளித் தவளைகளும் போதும். எங்கே பதிவு செய்தாலும், பதிவு செய்த குரலையே திரும்ப ஒலித்துக் காட்டிப் பறவையை வரவழைப்பது, கூடு கட்டும் பருவத்தில் அதற்குப் பெரும் உபத்திரவம். பதிவின் கடைசியில் இடம், தேதி, நேரம், வானிலை, மைக் நோக்கிய திசை ஆகியவற்றைத் தம் குரலிலேயே சொல்லி முடிப்பது நல்லது; காகிதம் தொலைந்தாலும் அக்குறிப்பு ஒலியோடு ஒட்டியிருக்கும். பிரதிகளை ஒரே வீட்டில் வைக்கலாகாது. 2017-இல் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயில் கிராஸின் வீடும் கருவிகளும் குறிப்பேடுகளும் எரிந்துபோயின. பதிவுகளுக்கு வேறிடத்தில் பிரதிகள் இருந்தபடியால், லிங்கன் மெடோவின் அந்த இரண்டு விடியல்களையும் இன்றும் அடுத்தடுத்து வைத்துக் கேட்க முடிகிறது.