வானொலி அட்டைகள்

மனிதர் சேகரியாத பொருள் உலகில் இல்லை எனலாம். தபால் முத்திரை சேர்ப்பார் ஒருவர். பழங்காசு சேர்ப்பார் மற்றொருவர். நம் நாட்டுச் சிறுவர் தீப்பெட்டிப் படங்களையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் பெருஞ்செல்வமெனப் பேணினர். அமெரிக்க தேசத்தில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் பெயர் பெற்றோரின் படம் பொறித்த அட்டைகளைச் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். அவற்றுள், 1952-ஆம் ஆண்டில் வெளியான மிக்கி மாண்டில் என்பாரின் அட்டையொன்று, 2022-ஆம் ஆண்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

விலை கொடுத்து வாங்க இயலாத அட்டையும் ஒன்றுண்டு. தொலைவிலுள்ள ஒரு வானொலி நிலையத்தைக் கேட்டு, கேட்டவாற்றை எழுதியனுப்பியவர்க்கு அந்நிலையத்தார் அனுப்பும் ஒப்புதல் அட்டையே அது. கியூ.எஸ்.எல். அட்டை என்பது அதன் பெயர். தந்திக்காரர் வழங்கிய சுருக்கக் குறிகளுள் இம்மூன்றெழுத்துக் குறி, ‘பெற்றுக்கொண்டமையை ஒப்புக்கொள்கிறேன்’ எனப் பொருள்படும். தமிழ் நேயர் இதனை வண்ண அட்டை என்றும் அழைப்பர். இதனைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

நம் சென்னைக்கு வானொலி வந்த வரலாறு பெருமைக்குரியது. திரு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924-ஆம் ஆண்டு மே மாதம் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது ஓய்ந்தது. பின்னர் நகராண்மைக் கழகத்தார் 1930 ஏப்ரல் முதல் அப்பணியை ஏற்று நடத்தினர். 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது. பிற்காலத்தில் நம் ஆவடியிலிருந்து மத்திய அலையிலும் சிற்றலையிலும் சென்னை வானொலி நெடுங்காலம் ஒலித்தது. 4920 கிலோ ஹெர்ட்ஸ் என்னும் எண்ணைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த அயல்நாட்டு நேயர்க்கு ஆவடி அறிமுகமான ஊரேயாம்.

ஆவடியில் எழும் ஒலி அயல்நாட்டை எட்டுவது எங்ஙனம்? பூமிக்கு மேலே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரந்தொட்டுப் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் பரந்துள்ளது. சிற்றலைகள் அதனிற்பட்டு வளைந்து மீண்டும் நிலத்திற்குத் திரும்புகின்றன. இவ்வாறு துள்ளித் துள்ளிக் கடல்களையும் கடக்கின்றன. ஆயின் அம்மண்டலம் பகலில் ஒருவாறும் இரவில் வேறொருவாறும் இருக்கும்; பருவந்தோறும் மாறும்; ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கொருமுறை மிகுந்து குறையும் சூரியக் களங்கங்களுக்கேற்பவும் மாறும். ஆதலால் தாம் அனுப்பிய ஒலி எங்கெங்கே எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதை நிலையத்துப் பொறியாளர் தம் இடத்திலிருந்தே முற்றும் அறிய இயலாது. அங்குள்ள நேயரே அதனைக் கூறல் வேண்டும்.

இதனாலேயே அட்டை பெறுவதற்கு முறையான அறிக்கை வேண்டப்பட்டது. நாள், நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் ஆகியவற்றைத் தவறின்றிக் குறித்தல் வேண்டும். நேரத்தையும் உலகப் பொது நேரத்திற்கு மாற்றல் வேண்டும். நம் இரவு 9.15 மணி அக்கணக்கில் 15.45 ஆகும். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், அலை ஏறியிறங்கும் தன்மை, மொத்தத் தரம் என்னும் ஐந்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் இடுதல் வேண்டும், ஐந்தே சிறப்பு. இதனைச் சின்போ முறை என்பர். அறிக்கை நிலையக் குறிப்பேட்டோடு ஒத்திருப்பின் அட்டை வரும், ஒவ்வாதாயின் வாராது. பொய்யாகக் கேட்டதாக எழுதுவோர் அகப்படுவதும் இதனாலேயே.

எனவே இவ்வட்டை வெறும் படமன்று. ஒருவர் உண்மையாய்க் கேட்டார் என்பதற்கு மற்றொருவர் அளித்த சான்று. கேட்டவரும் நிலையத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. எனினும் ஒருவருக்கொருவர் உதவினர். பேஸ்பால் அட்டைக்கு மதிப்பைத் தருவது அதன் அருமை. வானொலி அட்டைக்கு மதிப்பைத் தருவது அதனைப் பெற்றவரின் பொறுமை.

அக்காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு நின்றது. சிற்றலையைக் கைவிட்ட நாடுகள் பல. இன்று தொலைநாட்டுக் குரல் இணையத்தின் வழியே இரைச்சலின்றி வருகின்றது. இதனை நாம் குறை கூறோம். நோயாளியின் படுக்கையருகிலும் அது தெளிவாகப் பேசுகின்றதன்றோ? ஆயினும் தடையின்றி வருவதற்கு ‘வந்து சேர்ந்தது’ என்று எழுதுவார் எவரும் இலர்.

அண்மையில் அம்பத்தூரில் நமக்கு வேண்டிய ஒருவரின் இல்லத்தைக் காலிசெய்ய நேர்ந்தபோது உடனிருந்தோம். பரணிலிருந்து இறக்கிய பழைய வால்வு ரேடியோவை விருப்பத்தோடு கேட்டு வாங்கினார் ஒருவர். அதனருகிலிருந்த பிஸ்கட்டுத் தகரப் பெட்டியோ பழைய பேப்பர்க்காரரின் சாக்கிற்குள் போக இருந்தது. திறந்து பார்த்தோம். பல நாட்டு அட்டைகள். அடியில் ஒரு குறிப்பேடு. இரவுதோறும் கேட்டவை, கேளாதவை, மழையிடியால் கெட்டவை யாவும் நுண்ணிய எழுத்தில் இருந்தன. அவ்வீட்டுப் பிள்ளைகள் தம் தந்தையார் இரவில் தனியே அமர்ந்து என்செய்தார் என்பதை அன்றுதான் அறிந்தனர். பெட்டி சாக்கிற்குள் போகவில்லை.

ரேடியோப் பெட்டியைப் பேணுவார் சிலர் இருக்கின்றனர். அதன்வழிக் கேட்டவரின் குறிப்புகளைப் பேணுவார் அரியர். பெட்டியை ஒத்த பெட்டி ஆயிரம் உண்டு, குறிப்பேடு ஒன்றே. ஓர் ஊரில், ஓர் இரவில், வானம் எவ்வாறிருந்தது என்பதையும், ஓர் எளிய மனிதர் எதனை அறிய விழைந்தார் என்பதையும் அது ஒருங்கே கூறும்.

மாணவ நண்பர்களே, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் உள்ள உங்கள் இல்லங்களின் பரண்களில் இத்தகைய பெட்டிகள் இருத்தல் கூடும். விடுமுறையில் இறக்கிப் பாருங்கள். உரியவர் உயிரோடிருப்பின் அருகமர்ந்து ஒவ்வோர் அட்டையின் கதையையும் கேட்டு, நாளிட்டு எழுதிவையுங்கள். கேட்டவரைக் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கின்றது.