மூட்டுத் தெரியாத விதானம்

கொங்கு நாட்டு ஊர்களில் திருமணத்திற்கு வாயிலில் இடும் தென்னங்கீற்றுப் பந்தலின்கீழ் நின்று ஒரு முதியவர் வாழ்த்துரை கூறினால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது சொல் சொல்லாக விளங்கும். அவரே அந்தியூர் போன்ற ஊர்களில் இன்று எழுந்துள்ள சிமெண்டு மண்டபங்களில் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசினாலும், பேரோசை கேட்குமேயன்றிப் பொருள் விளங்குவதில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கூரையின் உட்புறத்தை விதானம் என்பர். முன்னாளில் மேற்கட்டியாகக் கட்டிய துணிக்கும் அதுவே பெயர்.

ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். வழியில் கல், சுண்ணச் சாந்து, சிமெண்டு போன்ற வன்மையான பரப்பு எதிர்ப்பட்டால், சுவரில் எறிந்த பந்துபோல் மீளும், மீண்டும் தரையில் மோதும், மீண்டும் மேலெழும். இவ்வாறு சொல் முடிந்த பின்னும் ஓசை நிற்பதை எதிர்முழக்கம் என்பர். இதனால் மொழிக்கு விளையும் கேட்டினை எண்ணிப் பாருங்கள். உயிரின் ஓசை வலிது. மெய்யின் ஓசை மெலிது. முன் நின்ற உயிரின் முழக்கம் பின் வரும் மெய்யை மூடிவிடுகிறது. ஆசிரியர் ‘வெள்ளம்’ என்றாரா, ‘வெல்லம்’ என்றாரா என்று மாணவன் அறியான். லகர, ளகர, ழகரங்களைப் பிழையாக எழுதும் பிள்ளையைக் கடிவதற்கு முன், அவன் அமர்ந்திருக்கும் அறையையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் நன்று.

கீற்றிலும் ஓலையிலும் எண்ணற்ற இடுக்குகள் உண்டு. ஒலி அவற்றுள் நுழைந்து, உராய்ந்து, வெப்பமாகி அடங்கும். ஆயினும் ஓலைக்குத் தீ பகை. 2004-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் ஓலைக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அது செய்யத்தக்கதே. உயிரைக் காத்த பின், செவிக்கும் வழி தேடுவது நம் கடன்.

வன்மையான விதானம் ஒலியை எவ்வளவு திருப்பும் என்பதை அறியக் கன்னட நாட்டு விசயபுரத்திற்குச் செல்ல வேண்டும். 2014 வரை பீசப்பூர் எனப்பட்ட ஊர் அது. அங்கே, 1656-இல் மறைந்த முகம்மது ஆதில்சா சுல்தானின் கல்லறை மாளிகையாகிய கோல்கும்பசு உள்ளது. அதன் குவிமாடத்தின் வெளிப்புற விட்டம் 44 மீட்டர். உட்புறம் மூட்டே தெரியாத ஒரே சாந்துப் பூச்சு. மாடத்தைச் சுற்றியுள்ள நடையில் ஒருவர் சுவரோடு மெல்லப் பேசினால், எதிர்ப்புறத்தில் நிற்பவர் செவியில் அது விழும். ஒரு கைத்தட்டல் பல முறை மீண்டு ஒலிக்கும். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அறிஞர் சர் சி. வி. இராமன் 1921-இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் இத்தகைய நடையை ஆராய்ந்தார். பின்னர் இந்தக் குவிமாடத்தையும் ஆராய்ந்து எழுதினார். காண்போர்க்கு இஃது ஒரு விந்தை. ஆனால் இதன்கீழ் ஒரு வகுப்பு நடத்துதல் இயலாது.

இவ்விந்தையை அளந்து கணக்காக்கியவர் அமெரிக்க நாட்டு வாலசு சாபின் என்பவர். 1895-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அறை ஒன்றில், பேசிய சொல் 5.5 நொடி வரை நின்று ஒலித்தது. அதனைச் சீர்படுத்தும் பணி அவரிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவில், அருகிருந்த அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அறையில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தைக் குறிப்பார். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டு சேர்ப்பார். அறையின் கொள்ளளவு மிகுந்தால் முழக்கம் நீளும். ஒலியை உண்ணும் பரப்பு மிகுந்தால் குறுகும் என்னும் விதி இவ்வாறே பிறந்தது. பேச்சுக்கு ஒரு நொடி அளவே போதும். மேனாட்டு இசைக்கு இரண்டு நொடிக்கு அருகில் வேண்டும்.

இனி, மெத்தையை விதானத்தில் தொங்கவிட்டால் கண்ணுக்கு இனிதாகாது. துளையிட்ட சதுரப் பலகைகளை அடுக்குவதும் உண்டு. ஆனால் பழைய மாளிகையின் வளைந்த விதானத்தில் அவற்றின் கோடுகள் வடுக்கள்போல் தோன்றும். அக்குறை நீக்க வந்ததே மூட்டுத் தெரியாத ஒலியடக்கு விதானம். முதலில் கனிம இழையால் ஆன பலகைகளை ஒட்டுவர். இடைவெளிகளை நிரப்பித் தேய்த்துச் சமன் செய்வர். அதன்மேல் நுண்ணிய சலவைக்கல் மணிகள் கலந்த சாந்தை மெல்லிதாகப் பூசுவர். பார்வைக்கு அது வெறும் வெண்சுவரே. ஆயினும் மணிக்கும் மணிக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத துளைகள் திறந்திருக்கும். ஒலி அவற்றின் வழியே புகுந்து, உள்ளிருக்கும் இழைகளில் சிக்கி அடங்கும். உரத்த மேல்தானத்து ஒலிகள் எளிதில் அடங்கும். முரசின் ஆழ்ந்த ஒலியை அடக்கப் பலகை தடித்திருத்தல் வேண்டும்.

எல்லா இடத்திற்கும் இஃது ஏற்றதன்று. பழைய ஓவியமோ சுதைச் சிற்பமோ உள்ள விதானத்தின்மேல் இதனைப் பூசுதல் கொடுமை. அங்கே தரைவிரிப்பும் திரைச்சீலையும் தக்கவை. கோயிற் கல்மண்டபத்தையும் நான் தொட ஒப்பேன். மணியோசையின் நீண்ட கார்வை அங்கே வழிபாட்டின் உறுப்பாகவே நிற்கிறது. விலையும் சிறிதன்று, சிற்றூர்ப் பள்ளிகளுக்குத் தீப்பற்றாதவாறு பதப்படுத்திய தென்னை நார்ப் பலகை பொருந்தக்கூடும். பொள்ளாச்சிப் பக்கத்தில் நாருக்குப் பஞ்சமில்லை.

இவ்விதானத்தை உடையோர் மறவாது காக்க வேண்டியது ஒன்றுண்டு. தைப்பொங்கல் வந்ததும் சுவருக்கெல்லாம் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அந்தக் கை பழக்கத்தால் மேலேயும் சென்று இரண்டு பூச்சுப் பூசிவிட்டால், துளைகள் அடைபட்டுப் போகும். விதானம் முன்னினும் வெண்மையாகத் தோன்றும். அறையோ பழையபடி முழங்கத் தொடங்கும்.