தொட்டியில் பவளப்பாறையா? கம்பி எண்ணணும்!

கடல்மீன் பிரியர்களே, உஷார்!

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்ண மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர் மெதுவாகக் கேட்பார்:

"அண்ணே, பவளப்பாறை கிடைக்குமா? உசிரோட வேணும்."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போடும்.

"ஏன் சார், என்னை உள்ளே தள்ளப் பாக்குறீங்களா?"

அவர் பயப்படுவது நியாயம்தான். 2001-ல் கல் பவளமும் கடல் விசிறியும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. புலி இருக்கிற அதே பட்டியல்! எடுத்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வாங்கி வைத்தாலும் குற்றம். செத்து வெளுத்த துண்டு என்றாலும் தப்ப முடியாது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது.

கல் அல்ல, பிராணி!

பவளத்தைப் பலர் கல் என்றே நினைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான குட்டிப் பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடு அது. அவற்றின் உடம்பில் குடியிருக்கும் பாசி, வெயிலை வைத்துச் சமைத்துப் போடும். தண்ணீர் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2016-ல் மன்னார் வளைகுடாவில் இந்தக் கொடுமை நடந்தது.

அனுமதி உள்ள வெளிநாடுகளில் வளர்ப்பவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 25 டிகிரி சூடு, பிரத்தியேக விளக்கு, அலையடிக்க மோட்டார். புதுத் தொட்டி ஒரு மாதமாவது சும்மா ஓடவேண்டும். முதலில் காளான் வகை. மான்கொம்பு வகை, கை பழகிய பிறகுதான். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கொட்டிக் கொன்றுவிடும்! சென்னை மே மாதத்தில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் கதை முடிந்தது.

மூழ்கிய தீவுகள்

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை? சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் ஒருகாலத்தில் படகு படகாகப் பவளத்தை வெட்டினார்கள். அரண் போனதும் அலை கரையைத் தின்றது. 21 தீவுகளில் 2 தீவுகள் மூழ்கியே போயின!

ஆசையை அடக்க முடியவில்லையா? வழி இருக்கிறது. பிசினில் செய்த செயற்கைப் பவளம் போதும். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கி விடலாம். மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

பையனுக்குச் சந்தோஷம். அப்பாவுக்கு நிம்மதி. பவளம் கடலிலேயே இருக்கட்டும்!