கழிவகற்றும் விடுதிகளும் நமது மருந்துச் சரக்குக் கடைகளும்

கண்டிக்கு வரும் வெளிநாட்டவர் என்றால் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, மாத்தளைப் பாதையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் என்றுதான் நம் வியாபாரிகள் நீண்டகாலம் கணக்குப் போட்டு வந்தனர். இப்போது வேறொரு வகையினரும் வருகின்றனர். ஊர் பார்ப்பது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். ஒரே இடத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் தங்கி, அதிகாலையில் யோகாசனம் செய்து, பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு, உடலின் கழிவகற்றும் சிகிச்சை பெற்றுத் திரும்புகின்றனர். வெரபிட்டியவில் பழைய தேயிலைத் தோட்டமொன்றில் 2016இல் திறக்கப்பட்ட 'சந்தானி' விடுதி இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம்.

இலங்கைக்கு 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். ஈஸ்டர் தாக்குதல், கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்து, 2022இல் அது ஏறத்தாழ 7 இலட்சத்து 20 ஆயிரமானது. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. கூட்டம் திரும்பியதும், நான்கு அறை வைத்திருப்பவருக்குக்கூட 'யோகா, டிடொக்ஸ்' என்று பலகை மாட்டும் ஆசை வருவது இயல்பு.

(யோகாவை மார்க்க ரீதியாக எப்படிப் பார்ப்பது என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 2008இல் இது பற்றித் தீர்ப்புக் கூறியது. இந்தப் பத்தி வியாபாரம் பற்றியது.)

பலகை மாட்டுமுன் கழிவகற்றல் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மம் பொதுவாக ஐந்து வேலைகளைக் கொண்டது. வாந்தி எடுக்கவைத்தல், பேதிக்குக் கொடுத்தல், ஆசனவாய் வழியே எண்ணெயோ கஷாயமோ ஏற்றுதல், மூக்கில் மருந்து விடுதல், இரத்தம் குத்தி எடுத்தல். அதற்கு முன் சில நாட்கள் நெய் குடிக்கக் கொடுத்து, எண்ணெய் தேய்த்து, வேர்க்கவைப்பார்கள். யோகாவின் பக்கத்தில், மூக்கை உப்புநீரால் கழுவும் நேதி. பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், கொதிக்கவைக்காத குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தனர். இருதய நோயாளிக்கோ கர்ப்பிணிக்கோ தெரியாத்தனமாகப் பேதிக்குக் கொடுத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பதிவுபெற்ற வைத்தியரை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர் அந்தப் பலகையைத் தொடாதிருப்பதே நல்லது.

நம்மில் பெரும்பாலானோருக்குரிய இடம், அந்தச் சிகிச்சை அறைக்குப் போகும் சரக்கு. நல்லெண்ணெய், பசு நெய், கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், கடுக்காய், தான்றிக்காய். கண்டி, அக்குறணை, மாத்தளை வியாபாரிகளுக்கு இவை புதியவையல்ல. வாங்குபவரின் கண்டிப்புத்தான் புதிது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை 2008இல் வெளியிட்டது. அதைப் படித்தவர்களும் விருந்தினர்களில் இருப்பார்கள். ஆகவே விடுதிக்காரர் விலையை மட்டும் கேட்கமாட்டார். எங்கே விளைந்தது, எப்போது உலர்த்தியது, பூஞ்சை பிடித்ததா என்றும் கேட்பார். நல்லெண்ணெய் டின்னை மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் அடுக்கும் கடைக்கு அங்கே வேலையில்லை. பழைய சரக்கைப் புதியதோடு கலப்பவருக்கும் அப்படியே. சாரதிக்குக் கமிஷன் கொடுத்துப் பல மடங்கு விலைக்கு எண்ணெய் விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்ட தோட்டங்கள் உண்டு. அந்த வாடிக்கையாளர் ஒருமுறை வந்து போகிறவர். விடுதியோ மாதாமாதம் வாங்கும்.

முதல் உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். கண்டி அரசர்களுக்கு வைத்தியம் பார்த்த கோபால முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா எழுதியிருக்கிறார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், யூனானியையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்கியது. கழிவைப் பக்குவப்படுத்தும் 'முன்ழிஜ்', பின் அதை வெளியேற்றும் 'முஸ்ஹில்', ஹிஜாமா என்று யூனானிக்கும் தனி முறை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற யூனானி வைத்தியர்களும் இருக்கிறார்கள். யோகா விடுதிகள் நிறைந்த மலையில் யூனானி விடுதி ஒன்று தனித்துத் தெரியும்.

சரக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் குளிர் கடுமையாகும் டிசம்பர் முதல் மார்ச் வரை வருகை கூடும். மாதிரிப் பொதிகளையும் விலைப்பட்டியலையும் ஒக்டோபரிலேயே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.