நெல்லிக்காயின் மேடைக்குப் பின்னால்!

திருவண்ணாமலையில் மலைக்குப் பின்பக்கம் என்றால் அடி அண்ணாமலைதான். 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் கால் கெஞ்ச ஆரம்பிக்கும் இடம். பௌர்ணமி இரவில் வழியோரம் நெல்லிக்காய்க் கூறு, பக்கத்திலேயே உப்பும் மிளகாய்த்தூளும். கடித்தால் துவர்ப்பு, தண்ணீர் குடித்தால் இனிப்பு. இந்த வித்தையை எல்லாரும் பார்த்தாச்சு. வாங்க, திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்போம்!

ஆகா, அதோ கதாநாயகர் வைட்டமின் சி! செல்களைக் கெடுக்கும் அடாவடி ஃப்ரீ ராடிக்கல்களுக்கு எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்து அடக்குகிறார். களைத்துப்போன வைட்டமின் ஈ-யையும் தட்டி எழுப்புகிறார். இவருக்கே ஒரு மெய்க்காப்பாளர் உண்டு, தெரியுமோ? நாக்கைச் சுருக்குகிற அந்தத் துவர்ப்பு! நெல்லியின் டானின் வைட்டமின் சி-யைச் சிதையாமல் காக்கிறது என்று 1936-லேயே தாமோதரனும் நாயரும் எழுதிவிட்டார்கள். நம்ம சென்னை ஆய்வுக்கூடத்தில், சார்!

வைட்டமின் சி ஆணுக்கு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என்கிறது 2020-ன் ஐ.சி.எம்.ஆர். பட்டியல். 100 கிராம் நெல்லியில் சுமார் 250 இருக்கிறது. பெரிய காய் ஒன்றிரண்டு கடித்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

அப்புறம் எதற்கு ஆரஞ்சு வாசனை வைட்டமின் சி மாத்திரை? அதன் பின்னணிக் கூத்துதான் இன்னும் சுவாரசியம். 200 மில்லிகிராம் வரை குடல் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே விடும். ஒரு கிராமைத் தாண்டினால் பாதிகூட நுழையாது. நுழைந்ததிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். கொடுத்த காசு கழிப்பறைக்கு! இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங், சளிக்கு வைட்டமின் சி-யே மருந்தென்று 1970-ல் புத்தகமே போட்டார். சோதித்துப் பார்த்தால், தினமும் சாப்பிடுகிற பெரியவர்களுக்குச் சளி 8 சதவீதம் சீக்கிரம் விடுகிறது, அவ்வளவே. மாரத்தான் ஓடுகிறவர்கள் மாதிரி உடம்பை வருத்துகிறவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பதே பாதியாகிறது. கிரிவலம் அதில் சேர்த்தியா? நடந்தவர்களைக் கேட்டால் சத்தியமே செய்வார்கள்!

பெரியவர்களுக்கு நாளைக்கு 2,000 மில்லிகிராம் உச்சவரம்பு. மீறினால் வயிறு கலக்கும். ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக டோஸ் பக்கமே போக வேண்டாம், இது உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறக்கூடியது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடவே கூடாது.

மாத்திரையானால் நல்லதும் வம்பாகலாம்: ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் இதே ஆன்டிஆக்ஸிடன்ட் குடும்பத்துப் பீட்டா கரோட்டினும் நல்ல பிள்ளை என்றுதான் பெயரெடுத்திருந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வெளிவந்தபோது, நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.