மழைக்கு முன் கூண்டு வண்டியை ஒழுக்குப் பார்த்தல்

கரிசல் பூமியின் விவசாயம் முழுவதும் மழையை எதிர்நோக்கி நடப்பதாகும். அங்ஙனம் எதிர்நோக்கிய மழை வந்து சேருங்கால், அதனின்று காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பொருள்களும் பல உள. விதை, உரம், அறுவடை செய்த உளுந்து, எடுத்து வைத்த பருத்தி, இரவில் காவலிருக்கும் ஆள் ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்பொழுது, அக்கூரையிலுள்ள ஒரு திருகாணித் துவாரமும் பெரிய நஷ்டத்திற்குக் காரணமாகிவிடும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் தாலூகாக்களில் மக்காச்சோளம் பயிரிடுவோர், காட்டுப்பன்றிகளின் தொல்லையால் இரவுக் காவல் வைக்க நேரிடுகிறது. முற்காலத்தில் இதற்குப் பரணும் ஓலைக் குடிசையும் பயன்பட்டன. பிரயாணத்திற்கு மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு வண்டி இருந்தது. இக்காலத்தில் பழைய டிராக்டர் டிரெய்லரின் மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி, பலகையும் தகரமும் அடித்து, ஓர் ஆள் படுப்பதற்கும் சில மூட்டைகள் வைப்பதற்கும் ஏற்றதாகக் கூண்டு அமைத்துக்கொள்ளுதல் சௌகரியமானது. இது புதுமையான யோசனையன்று. அமெரிக்காவில் 1930-ம் ஆண்டுகளிலேயே, மோட்டாரின் பின்னே இழுத்துச் செல்லும் சிறு படுக்கை வண்டிகளைத் தச்சு வேலை தெரிந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே செய்துகொண்டனர். அவ்வண்டிகளை உடையோர்க்கும் முதற் கவலை மழை ஒழுக்கேயாம்.

ஒழுக்கினால் வரும் நஷ்டம்

பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள கூரையின் பரப்பு அறுபது சதுர அடி. அதாவது சுமார் 5.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் ஜலம் விழும். ஆகவே 50 மில்லிமீட்டர் மழையில் இச்சிறு கூரையின் மேல் விழும் ஜலம் சுமார் 280 லிட்டர். 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி பிறந்த தருணத்தில், இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையில் இக்கூரையின் மேல் ஐயாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட ஜலம் விழும்.

அவ்வளவும் உள்ளே வரவேண்டுவதில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினாலே, எட்டு மணி நேர இரவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஜலம் ஒரே மூட்டையில் இறங்கிவிடும். நனைந்த உளுந்து முளை கட்டும். பருத்தி பழுப்பேறி விலை குறையும். யூரியா கட்டி தட்டும். விதை தன் முளைப்புச் சக்தியை இழக்கும். காவலாளின் உடல்நலமும் கெடும்.

கரிசலுக்குரிய விசேஷக் கஷ்டம்

செம்மண் நிலத்தில் மழை வந்துவிட்டால், வண்டியை மேட்டிற்கோ வீட்டிற்கோ இழுத்துச் செல்ல இயலும். கரிசலில் அது கூடாது. இம்மண்ணிலுள்ள களி ஜலத்தை உறிஞ்சி உப்பும். சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு உருள விடாது. வண்டி அச்சு வரையில் புதையும். மழை நின்று வெயில் காய்ந்து நிலம் இறுகும் வரையில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒழுக்கைக் கண்டபின் பழுது பார்ப்பதற்கு ஆசாரியாரும் அவ்விடம் வந்து சேர முடியாது. ஆகையால் மழையில் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது பயனற்ற காரியம். மழைக்கு முன்னரே கண்டுபிடித்தல் வேண்டும்.

1901-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையம், மழைக்கு முன்பே விதைக்கும் முன்பருவ விதைப்பை நெடுங்காலமாக எடுத்துக் கூறி வந்திருக்கிறது. விதை விஷயத்தில் அம்முறையை அறிந்த விவசாயிகள், வண்டி விஷயத்திலும் அதனையே கைக்கொள்வாராக. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. எனவே புரட்டாசி முதற் பகுதியில் சோதனையை முடித்துவிட்டால், பழுது பார்க்கவும் மறுமுறை சோதிக்கவும் அவகாசம் கிடைக்கும்.

வெளிச்சத்தினால் பார்த்தல்

முதலில் கூண்டைக் காலி செய்து நன்றாகத் துடைத்து உலர்த்துக. உச்சி வெயிலில் ஒருவர் உள்ளே சென்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, கண் இருளுக்குப் பழகும்வரை சற்று நேரம் இருத்தல் வேண்டும். பின்னர் ஒளிக்கீற்று தெரியும் இடங்களிலெல்லாம் சாக்கட்டியால் வட்டமிடுக. இரவில் உள்ளே மின்விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்த்தால், பகலில் தப்பிய பிளவுகளும் புலப்படும்.

எனினும் ஒளி நேர்வழியில் மட்டும் செல்லும்; ஜலமோ வளைந்தும் ஒட்டியும் செல்லும். ஆகையால் ஒளி வராத இடம் ஒழுகாது என்று எண்ணிவிடலாகாது. ஜலத்தால் சோதிப்பதும் அவசியம்.

ஜலத்தினால் சோதித்தல்

இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியே ஜலம் ஊற்ற, மற்றொருவர் உள்ளே கவனிப்பர். தரையிலும் சுவரின் உட்புற மூலைகளிலும் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் சிறு நனைவும் தெரியும். ஊற்றுவதற்குப் பூவாளியே போதும். ரப்பர்க் குழாய் இருப்பின் வேகத்தைக் குறைத்து மழைபோல விழச் செய்க. வண்டி கழுவும் யந்திரத்தின் பீச்சலை உபயோகித்தலாகாது. அது மழை புகாத இடத்திலும் ஜலத்தைப் புகுத்தும். நல்ல நிலையிலுள்ள பூச்சையும் பெயர்த்துவிடும்.

இச்சோதனையில் முக்கியமான விதி, கீழிருந்து மேலே செல்லுதலாம். கூரையின் மேல் முதலிலேயே ஊற்றினால், ஜலம் சுவர், ஜன்னல், கதவு எல்லாவற்றின் மேலும் வழிந்தோடும். உள்ளே ஈரம் கண்டால் அது எவ்வழியாக வந்தது என்று கூற முடியாது. ஆதலின் முதலில் அடிப்பலகையும் சக்கரத்தின் மேற்புறமும், அடுத்துக் கதவின் அடிச்சட்டம், பின்னர்ச் சுவர்களின் இணைப்பு, ஜன்னல், கடைசியாகக் கூரையின் ஓரமும் நடுவும் என்ற வரிசையில் நனைத்து வருக. ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிஷம் ஊற்றி, ஐந்து நிமிஷம் காத்திருந்து, ஈரம் இல்லையெனக் கண்ட பின்னரே மேலே செல்க.

ஈரம் கண்ட இடமும் ஜலம் புகுந்த இடமும் ஒன்றாக இருப்பது அரிது. கூரையில் புகுந்த ஜலம் இரும்புச் சட்டத்தை ஒட்டி இரண்டு மூன்று அடி ஓடி, சட்டம் தாழ்ந்த இடத்தில் சொட்டும். உள்ளே ஈரம் கண்டவுடன், அதிலிருந்து மேல் நோக்கிச் சட்டத்தைத் தடவிச் சென்று ஊற்றைக் காண வேண்டும்.

புன்செய் நிலம் சமதளமானதன்று. ஆகவே டிரெய்லரின் முன்புறத்தைக் கல்லின் மேல் உயர்த்தி ஒருமுறையும், தாழ்த்தி ஒருமுறையும் சோதிக்க. ஒரு நிலையில் ஒழுகாத கூரை மறு நிலையில் ஒழுகுவதுண்டு. சோதனை முடிந்த பின்னர் ஓரிரவு கழித்து மீண்டும் உள்ளே பார்த்தல் நலம். பலகையின் நடுவே ஊறிய ஜலம் மறுநாளே வெளிப்படும்.

ஒழுக்கின் காரணங்களும் பரிகாரமும்

நெளி தகரத்தில் திருகாணியை மேட்டிலேயே இறக்க வேண்டும். பள்ளத்தில் இறக்கினால், கூரையின் ஜலம் முழுவதும் அத்துவாரத்தின் மேலே ஓடும். கரிசற்காட்டு வெயிலில் ரப்பர் வாஷர்கள் வெடித்துப்போகும், அவற்றை மாற்றுக. இரு தகரங்கள் சேரும் இடத்தில் மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மீது படிய வேண்டும். ஓலை வேய்வோர் அறிந்த விதியும் இதுவே. ஓலைக் கூரை பல ஆண்டு மழை தாங்குவதற்குக் காரணம் அதன் சரிவேயாதலால், கூண்டின் கூரையும் ஒரு பக்கமேனும் சரிந்திருத்தல் அவசியம்.

தகரத்தின் ஓரத்தைச் சிறிது கீழ்நோக்கி மடக்கிவிடுக. மடக்காத ஓரத்தில் ஜலம் தகரத்தின் அடியை ஒட்டிக்கொண்டு உட்புறம் ஓடும். தார்ப்பாய் போர்த்துவோர் அது நடுவே குழியாமல் இழுத்துக் கட்டுக. குழியில் தங்கிய ஜலம் தையல் துவாரங்களின் வழியே இறங்கும்.

பழுதை வெளிப்புறத்திலிருந்தே அடைத்தல் வேண்டும். உட்புறம் மட்டும் பசை பூசினால், ஜலம் பலகைக்கும் தகரத்திற்கும் நடுவே தங்கி ஒன்றை மக்கச் செய்து மற்றதைத் துருவேற்றும். பழைய பூச்சைச் சுரண்டி, துருவை நீக்கி, நன்கு உலர்ந்தபின் தாரோ சிலிக்கோன் பசையோ இடுக. பழைய பூச்சின் மேல் புதிது பூசினால் ஒட்டாது. அடிப்பலகையில் ஜலம் வடிவதற்கென விட்ட துவாரங்களை அடைத்தலாகாது. பழுது பார்த்த ஒவ்வோர் இடத்தையும் மீண்டும் சோதித்த பின்னரே மூட்டைகளை ஏற்றுக.

ஒழுக்கல்லாத ஈரம்

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தகரத்தின் உட்புறம் முழுவதும் நீர் பூத்திருப்பதைக் கண்டு ஒழுக்கென மயங்குவோர் உண்டு. அது உள்ளே படுத்தவரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த தகரத்தில் படிவதாம். மழையில்லாத இரவிலும் அவ்வாறு காணப்படின், பசை பூசுவதால் பயனில்லை, காற்றோட்டமே பரிகாரம். எதிரெதிர்ச் சுவர்களில் கூரைக்குச் சற்றுக் கீழே, சாரல் புகாதபடி மேலே தகர மறைப்புடன் இரு காற்றுவழிகள் வைக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரைத் தொடாமலும், அடியில் கட்டை கொடுத்தும் அடுக்குக.

ஒழுக்கை அடைக்கும் ஆர்வத்தில் இக்காற்றுவழிகளை அடைப்பது உயிருக்கே ஆபத்தாகும். இப்பிரதேசத்தில் வேலிக்கருவேல மரக்கரி எளிதிற் கிடைக்கிறது. குளிருக்கஞ்சிக் கரியடுப்பை மூடிய கூண்டினுள் வைத்துப் படுத்தால், நிறமும் மணமுமற்ற நச்சு வாயு நிறைந்து, உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபடுவர். காற்றுவழி இருப்பினும் கணப்பைக் கூண்டினுள் வைத்தல் கூடாது. மேலும் இக்கூண்டு நின்ற இடத்தில் தங்குவதற்கே உரியது. வண்டியை இழுத்துச் செல்லுங்கால் அதனுள் ஆட்களை ஏற்றுதல் தகாது. மின்னல், வெள்ளம் பற்றிய எச்சரிக்கை வந்தால் காவலாளை முன்கூட்டியே ஊருக்கு அழைத்துக்கொள்ளுக.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கது

அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடும் நாள், பருவமழைக்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் முன்னதாக வருகிறது. அன்று மழைக்கால முன்னேற்பாடுகளைப் பற்றிப் பேசுங்கால், வண்டிக் கூண்டு, தார்ப்பாய், களஞ்சியக் கூரை ஆகியவற்றைச் சோதிக்கும்படி குடிகளுக்கு நினைவூட்டுவது நலம். கிராமத்தில் ஒரு வண்டியை எல்லோர் முன்னிலையிலும் சோதித்துக் காட்டினால், மற்றவர்கள் தாமே செய்துகொள்வர்.

இச்சோதனைக்குச் சில குடம் ஜலமும், ஒரு பூவாளியும், சாக்கட்டியும், அரை நாள் உழைப்புமே செலவு. ஓராண்டு உழைப்பின் பலன் அக்கூரையின் கீழ் இருக்கப்போகிறது. புரட்டாசியின் வெயிலில் அரை நாள் நனைந்து பார்த்தவன், மார்கழி மழையில் கூண்டினுள் நனையாமல் உறங்குவான்.