லினக்ஸ் கருனியில் நினைவகச் செறிவாக்கம்

நினைவகச் செறிவாக்கம் என்பது, கணினியின் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் காலிப் பக்கங்களை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக, பயன்பாட்டிலுள்ள பக்கங்களை இடம் மாற்றும் செயல்முறையாகும். தரவின் அளவைக் குறைக்கும் தரவுச் சுருக்கத்துடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே தரவு மாறுவதில்லை, அதன் இடம் மட்டுமே மாறுகிறது.

தேவை

பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட் கொண்டது. 2 மெகாபைட் பெரும்பக்கம் ஒன்றைப் பெற, அடுத்தடுத்த 512 பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நான்கு இருக்கைகள் காலியாக இருந்தாலும், நால்வர் கொண்ட குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது. நெடுநாள் இயங்கும் வழங்கிகளில் இதே நிலை ஏற்படுகிறது.

செயல்படும் விதம்

மெல் கோர்மன் எழுதிய செறிவாக்கம், 2010இல் வெளியான 2.6.35 பதிப்பில் கருனியில் சேர்ந்தது. ஒரு வருடி நினைவகத்தின் அடியிலிருந்து நகர்த்தக்கூடிய பக்கங்களையும், மற்றொன்று மேலிருந்து காலிப் பக்கங்களையும் தேடிவரும். இரண்டும் சந்திக்கும்போது சுற்று முடிகிறது. கருனியின் சொந்தத் தரவு இருக்கும் பக்கங்களைப் பொதுவாக நகர்த்த முடியாது. அப்படி ஒரே ஒரு பக்கம் நடுவில் இருந்தாலும், மற்ற 511 பக்கங்களைக் காலி செய்தும் பயனில்லை. எழ மறுக்கும் ஒரு பயணி போதும். அதனால்தான் நகரும் பக்கங்களையும் நகராதவற்றையும் தனித்தனியே வைக்கும் முறை (2.6.24, 2008) செறிவாக்கத்திற்கு முன்பே தேவைப்பட்டது.

திறன் மேம்பாடு

தொடக்கத்தில், நினைவகம் கேட்ட நிரலே செறிவாக்கம் முடியும்வரை காத்திருந்தது. தரவுத்தளங்களில் இந்தத் தாமதம் வெளிப்படையாகத் தெரிந்தது. 4.6 பதிப்பில் (2016) இப்பணிக்கெனப் பின்னணி இழை வந்தது. ஆனால் அதுவும் தேவை எழுந்த பிறகே விழித்தது. நிதின் குப்தா எழுதி 5.9 பதிப்பில் (2020) சேர்ந்த முன்கூட்டிய செறிவாக்கம், சிதறலுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறது. இயல்பு அமைப்பான 20இல், மதிப்பெண் 90ஐத் தாண்டினால் பணி தொடங்கும், 80க்குக் கீழே இறங்கினால் நிற்கும். 0 எனக் கொடுத்தால் இவ்வசதி அணைந்துவிடும்.

இந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது மேம்பாடு ஆகாது. பக்கங்களை நகலெடுக்கச் செயலியின் நேரம் செலவாகிறது. பெரும்பக்கம் கேட்காத நிரலின் பக்கங்களும் நகர்வதால் அதற்கும் தாமதம் நேரலாம். இயந்திரங்களை நொடி பிசகாமல் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினிகளுக்கு இது ஏற்காது. ஆகவே நிகழ்நேரக் கருனியில், நிரல்கள் பூட்டிவைத்த பக்கங்களைச் செறிவாக்கம் தொடாதபடி இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது.